நெரிசற் குடியிருப்பு: காரணமும் பரிகாரமும்

நாற்றங்காலில் நாற்று அடர்ந்து வெளிறிப்போனால் எந்த உழவரும் நாற்றைக் குறை கூறமாட்டார். விதைத்த அளவையும் இடத்தின் பரப்பையுமே கணக்கிடுவார். ஆனால், ஒரே அறையில் எட்டுப் பேர் ஒண்டி வாழும் குடும்பத்தைக் கண்டால், "இவர்களுக்குச் சுத்தம் தெரியாது" என்று சொல்லத் தயங்காதவர் பலர் உளர். ஏழை மக்கள் நகரங்களில் நெருங்கி வாழ்வது அவர்களுடைய வழக்கத்தினால் அன்று. வேலைக்கு அருகிலுள்ள நிலத்தின் விலையினாலேயே ஆகும். இதனை இப்பாடத்தில் ஆராய்வோம்.

நம் அண்டையில் நிகழ்ந்தது

2021-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலுள்ள கைபேசித் தொழிற்சாலை ஒன்றின் பெண் தொழிலாளர், பூவிருந்தவல்லிப் பக்கம் தாங்கள் தங்கியிருந்த விடுதியின் உணவினால் நோயுற்றனர். 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உடன் வேலை செய்த பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் செய்தனர். அதன் பின்னரே, ஓர் அறையில் 6 பேர் முதல் 30 பேர் வரை தரையில் படுத்துறங்கிய செய்தி வெளிவந்தது. தொழிற்சாலை சில வாரங்கள் மூடப்பட்டு, 2022 ஜனவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கத்தக்க பெரிய விடுதியை அரசு திறந்தது.

தொழிற்சாலை வந்தது, வேலைக்கு ஆட்கள் வந்தனர், அவர்கள் உறங்குவதற்கு இடம் மட்டும் உடன் வரவில்லை. இந்த வரிசை புதியதன்று. நூறாண்டுகளுக்கு முன் அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரம் இதே பாடத்தைப் படித்தது.

நியூயார்க்கின் உடுக்கை வீடுகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலிருந்து பெருந்திரளான ஏழைகள் நியூயார்க்கில் வந்திறங்கினர். நகரின் கிழக்குத் தாழ்பகுதியில் தையல் தொழில் பெருகியிருந்தது. நாட்கூலியில் வண்டிச் செலவுக்கு மிச்சமில்லாதவர், நடந்து செல்லும் தொலைவிலேயே குடியிருக்க வேண்டியவராயினர். அங்கு மனை ஒன்று 25 அடி அகலம், 100 அடி நீளம். அதில் ஐந்து அல்லது ஆறு மாடிகள் எழுப்பி, மாடிக்கு நான்கு குடும்பங்களை வைத்தனர்.

படுக்கையறை ஒவ்வொன்றுக்கும் சன்னல் வேண்டுமென 1879-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. கட்டிடக்காரர் சட்டத்தை மீறவில்லை. உடுக்கையைப் போல் இடை சுருங்கிய கட்டிடங்களை அடுத்தடுத்து எழுப்பி, இடையே தோன்றிய ஒடுங்கிய சந்தின் பக்கம் சன்னல் வைத்தனர். ஒரு மாடியிலிருந்த 14 அறைகளில் நான்கிற்கே நேரான வெளிச்சம் கிட்டியது. சந்தில் குப்பை குவிந்தது. தீப்பிடித்தால் அதுவே புகைபோக்கியாயிற்று. சன்னல் இருந்தது, காற்று இல்லை.

அவ்வறைகளிலேயே தையலும் நடந்தது. இடைத்தரகர் துணியைக் கொண்டுவந்து கொடுக்க, தாயும் பிள்ளைகளும் இரவு வரை தைத்தனர். நெசவாளராகிய நமக்கு இது விளங்காத செய்தியன்று. தறி ஓடும் வீட்டில் வெளிச்சம் குறைந்தால் அறுந்த இழை கண்ணுக்குத் தெரியாது. துணியும் கெடும், கண்ணும் கெடும்.

1890-ஆம் ஆண்டு ஜேக்கப் ரீஸ் என்னும் பத்திரிகையாளர், இவ்வீடுகளின் நிலையை நிழற்படங்களுடன் நூலாக வெளியிட்டார். 1901-ஆம் ஆண்டு புதிய சட்டம் வந்தது. சந்துக்குப் பதிலாக அகன்ற முற்றம், குடும்பத்துக்கொரு கழிப்பிடம், தண்ணீர்க் குழாய் ஆகியவற்றை அது விதித்தது. பார்வையிடத் தனி இலாகாவும் அமைத்தது. சட்டம் எழுதினால் போதாது, நேரில் சென்று பார்க்கும் ஆளும் வேண்டும் என்பதை அந்நகரம் இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்துக் கற்றது.

சென்னை கண்ட வழிகள்

சென்னையில் பெரம்பூரை அடுத்துப் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் 1870–80-களில் தோன்றின. ஆலையைச் சுற்றி நெருக்கமான குடிசைப் பகுதிகளும் வளர்ந்தன. ஆலை முதலாளிகள் தொழிலாளருக்கென வீடுகள் கட்டினர். ஆயினும் அவை ஒரு பகுதியினருக்கே போதுமானவை. மேலும், முதலாளி கொடுக்கும் வீட்டில் ஓர் இடர் உண்டு: வேலை போனால் கூரையும் போகும்.

1970-ஆம் ஆண்டில் குடிசை மாற்று வாரியம் நிறுவப்பட்டது. நகரின் பல இடங்களில், குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. நகர நிலத்தின் விலை ஏற ஏற, வாரியம் வெளிப்புறம் செல்லலாயிற்று. 2000-ஆம் ஆண்டு முதல் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் உருவாயிற்று. 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள் அங்கு உள்ளன. கூரை கிடைத்தது, ஆனால் வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் சென்ற இடங்கள் தொலைவாகிவிட்டன. பேருந்துக் கட்டணமும் பயண நேரமும் வாடகையைப் போலவே கூலியைத் தின்றன. ஆகவே, வீட்டின் அளவைப் போலவே வேலைக்கும் வீட்டுக்கும் உள்ள தொலைவும் கணக்கில் சேரவேண்டும்.

கூட்டுறவின் பங்கு

1927-ஆம் ஆண்டு நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், உடை தைக்கும் தொழிலாளர் சங்கத்தினர் கூட்டுறவுக் குடியிருப்பு ஒன்றைக் கட்டினர். முதலில் 303 குடும்பங்கள் குடியேறின. அறைக்கு 500 டாலர் பங்குத்தொகை. கையில் பணமில்லாதவர்க்குக் கடன் ஏற்பாடு உண்டு. மாநிலச் சட்டம் வரிச்சலுகை அளித்தது. குடும்பத்துக்கு ஒரு வாக்கு. வீட்டை விட்டுச் செல்பவர் பங்கைச் சங்கத்திடம் திருப்பிக் கொடுக்க வேண்டும், இலாபத்துக்கு விற்கலாகாது. இவ்விதியினால் நிலவிலை ஏறியபோதும் வாடகை அதன்பின் ஓடவில்லை. அக்குடியிருப்பு இன்றும் நிலைத்துள்ளது.

நம் நாட்டிலும் கூட்டுறவு வீடமைப்பு உண்டு. அடையாற்றின் காந்தி நகர் அவ்வாறு எழுந்ததே. ஆயினும் மாதச் சம்பளமும் சேமிப்பும் உடைய நடுத்தர மக்களே அதில் மிகுதியும் பயனடைந்தனர். கூலித் தொழிலாளிக்கு அக்கதவு இன்னும் முழுமையாகத் திறக்கவில்லை.

மாங்காட்டில் நாம் செய்யத்தக்கது

அம்பத்தூர், திருமுடிவாக்கம், இருங்காட்டுக்கோட்டை ஆகிய தொழிற்பேட்டைகளுக்கு நடுவே நம் ஊர் உள்ளது. 2021-இல் மாங்காடு நகராட்சியாயிற்று. பயிர் நிலங்கள் மனைகளாகின்றன. வடநாட்டிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் வரும் தொழிலாளர் ஒண்டுக்குடித்தனத்துக்கு இடம் தேடுகின்றனர். ஆகையால், நேற்று உழவராயிருந்தவர் இன்று வீட்டுக்காரர் ஆகலாம். நியூயார்க்கின் சந்தை நாமே கட்டிவிடக்கூடும் என்பதே நாம் அஞ்சவேண்டியது.

மனையில் வரிசை வீடு கட்டும் அங்கத்தினர், கடைசி அறைக்கும் நேரான காற்று வருமாறு இடம் விடுக. கழிப்பிடத்தையும் கிணற்றையும் விலக்கி அமைக்க. ஆளுக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குவதைத் தவிர்க்க. அம்முறை ஆளைத் திணிக்கவே தூண்டும். ஓர் அறை குறைந்தால் வாடகை சிறிது குறையும். நோய் புகுந்தால் அது நம் தெருவுக்கும் வரும்.

கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நம் தெருவில் வாடகைக்குள்ள அறைகள் எத்தனை? அவற்றுள் பகலில் விளக்கின்றி இருக்கக்கூடியவை எத்தனை?

2. ஓர் அறையில் எத்தனை பேர் வரை தங்கலாம் என்று நாமே ஒரு வரம்பு வகுத்துக்கொள்ள இயலுமா?

3. வாடகைக்கு இருக்கும் தொழிலாளரும் பங்கு செலுத்திச் சேரக்கூடிய வீடமைப்புச் சங்கம் ஒன்றை அமைப்பதானால், மாதச் சேமிப்பு எவ்வளவு என்று தொடங்கலாம்?