பற்றரியை மாற்றுமுன்

வாகனம் ஸ்ராட் ஆகாவிட்டால் பற்றரியைத்தான் நாம் பழி சொல்கிறோம். எமது பணிக்குழுவின் வானுக்குக் கடன்பட்டுப் புதுப் பற்றரி வாங்கினேன். இரண்டு கிழமையில் அதுவும் இறங்கியது. அன்றிரவு ஒரு கர்ப்பிணித் தாயை உழவு இயந்திரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றோம். பழுது, பற்றரியைச் சார்ஜ் செய்யும் ஓல்ரனேற்றரில்.

முன்விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் மங்கி அணைகிறதா? பற்றரி இறங்கியிருக்கலாம், அல்லது முனைகளில் வெண்பச்சையாகப் பூத்திருக்கலாம். நெகற்றிவ் வயரை முதலில் கழற்றி, அப்பச்சோடா கரைத்த வெந்நீரால், மூடிக்குள் நீர் போகாமல் முனைகளைக் கழுவுங்கள். பல வாகனங்களுக்கு இதுவே போதும். வெளிச்சம் குறையாமல் 'டிக்' என்ற சத்தம் மட்டும் கேட்டால் ஸ்ராட்டரையும் அதன் வயர்களையும் சந்தேகியுங்கள். எஞ்சின் வழக்கமான வேகத்தில் சுழன்றும் பற்றவில்லையெனில் பெரும்பாலும் பற்றரி குற்றவாளியல்ல. எரிபொருளையும், பெற்றோல் வாகனமாயின் பிளக்கையும் பார்க்கவேண்டும்.

கண்டதையும் கேட்டதையும் மெக்கானிக்கிடம் அப்படியே சொல்லி, மீற்றர் வைத்துப் பார்க்கக் கேளுங்கள். (இதற்குச் சில நிமிடங்களே பிடிக்கும், கேட்க வெட்கப்பட வேண்டாம்.) ஓடாமல் நிற்கையில் நல்ல பற்றரி சுமார் 12.6 வோல்ற் காட்டும். எஞ்சின் ஓடுகையில் 14 அளவுக்கு ஏறவேண்டும். ஏறாவிட்டால் முதலில் ஓல்ரனேற்றரின் பெல்ற்றைப் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் இறுக்குவதோடு வேலை முடிந்துவிடக்கூடும்.