கண்ணில் நிழல் இறங்கினால்

மாம்புரிக் கரையில் கண் கூசுவதும் உப்புக்காற்றில் உறுத்துவதும் அன்றாடம். அதனால் கண்ணில் எது வந்தாலும் வெயில்மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். ஆனால் விழித்திரை விலகலுக்கு வெயிலும் காரணமில்லை, உப்பும் காரணமில்லை. கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழ் வயதோடு நீர்த்துச் சுருங்கும்போது பின்சுவரில் படிந்த விழித்திரையை இழுக்கிறது. கிழிசல் விழுந்தால் அதன் வழியே நீர் புகுந்து, ஈரச் சுவரொட்டி கழன்று வருவதுபோல் விழித்திரை கழன்றுவிடும். துளியும் வலிக்காது. ஆளை ஏமாற்றுவது அதுதான்.

செய்ய வேண்டியவை

• கண்ணோரத்தில் மின்னல் வெட்டு, திடீரெனக் கூட்டமாய்ப் பறக்கும் கரும்புள்ளிகள், ஒரு பக்கத்திலிருந்து திரைபோல் வரும் நிழல்: இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே புறப்படுங்கள். வருடக்கணக்காக மிதக்கும் ஒற்றைப் புள்ளிக்குப் பயம் வேண்டாம்.

• ஒரு கண்ணைப் பொத்தி, மற்றதால் காற்றாலைக் கோபுரத்தைப் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும்.

• கிட்டப்பார்வைக்குத் தடித்த கண்ணாடி போடுபவர்கள், கண்புரை சத்திரசிகிச்சை செய்தவர்கள், கண்ணில் அடிபட்டவர்கள், குடும்பத்தில் யாருக்காவது விழித்திரை விலகல் வந்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். முற்றிய நீரிழிவும் விழித்திரையை இழுத்துக் கழற்றும்.

• புத்தளம் வைத்தியசாலையில் காட்டும்போது, நிழல் எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். வெறும் கிழிசலென்றால் லேசரால் சுற்றிலும் ஒட்டவைக்கலாம். கழன்றுவிட்டால் சத்திரசிகிச்சைதான், அதற்குப் பெரும்பாலும் கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைவரை போகவேண்டிவரும். பத்தில் எட்டொன்பது பேருக்கு முதல் தடவையிலேயே விழித்திரை ஒட்டிக்கொள்கிறது. ஆனால் நடுப்பகுதி கழலுமுன் போனவருக்கே வாசிக்கிற பார்வை நன்றாக மிஞ்சும். நாட்கணக்கு அல்ல, மணிக்கணக்கு.

செய்யக்கூடாதவை

• வீட்டில் கிடக்கும் சொட்டு மருந்தை விட்டுப் பார்க்காதீர்கள். எந்தச் சொட்டும் கிழிசலை அடைக்காது.

• கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்துக் கிடக்காதீர்கள். 100 வருடங்களுக்கு முன் வேறு வழியில்லாமல் அப்படித்தான் மாதக்கணக்கில் படுக்கவைத்தார்கள். கிழிசலை அடைத்தால் பார்வை மீளும் என்று சுவிட்சர்லாந்து வைத்தியர் ஜூல் கோனின் 1920களில் செய்து காட்டிய பிறகே காலம் மாறியது.

• மோட்டார் சைக்கிளை நீங்களே ஓட்டிப் போகாதீர்கள். பரிசோதனைக்கு விடும் சொட்டினால் சில மணி நேரம் பார்வை மங்கலாகவே இருக்கும்.

• சத்திரசிகிச்சையின்போது கிழிசலை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் வாயு வைத்திருந்தால், அது கரைந்துவிட்டது என்று வைத்தியர் சொல்லும்வரை விமானம் ஏறாதீர்கள். சென்னையில் வைத்தியம் செய்துகொண்டு கட்டுநாயக்கவுக்குத் திரும்புபவர்கள் முதலில் கேட்கவேண்டியது இதைத்தான். உயரம் போகப்போக வாயு விரிந்து, கண்ணின் அழுத்தம் ஏறிப் பார்வையே போய்விடலாம். நுவரெலியாப் பயணமும் வேண்டாம். வாயுவைப் பொறுத்து 2 முதல் 8 வாரம்வரை பொறுக்கவேண்டும்.

• சங்குக்கும் கடலட்டைக்கும் மூழ்கும் தம்பிமார், வாயு கண்ணில் இருக்கும்வரை கடலில் இறங்கவே கூடாது.

• முகம் குப்புற இருக்கச் சொன்னால், அலுப்பில் நிமிர்ந்துவிடாதீர்கள். வாயுக்குமிழ் கிழிசலை அழுத்திப் பிடிப்பது அந்த நிலையில்தான். வீட்டார் பக்கத்திலிருந்து பேச்சுக்கொடுத்து, சாப்பாட்டைக் குனிந்தபடியே உண்ண வசதியாகத் தாழ வைத்துக் கொடுங்கள்.