விசிறியும் நீர்த்தாரையும்

ஹவுரா படித்துறையிலிருந்து புறப்படும் படகின் பின்னே நுரை பொங்குவதைக் கண்டிருப்பீர்கள். நீருக்கடியில் சுழலும் விசிறி நீரைப் பின்னே தள்ளுகிறது. படகு முன்னே செல்கிறது. ஆயினும் ஆழம் குறைந்த இடத்தில் விசிறி தரையில் மோதி முறியும். வலைக்கயிறும் அதில் சுற்றிக்கொள்ளும். அருகே நீந்துவோர்க்கோ அதன் கூரிய இதழ்கள் பேராபத்து.

நியூசிலாந்துப் பொறியாளர் பில் ஹாமில்டன், தம் நாட்டின் ஆழமற்ற ஆறுகளுக்காக 1950களில் வேறு வழி கண்டார். படகின் அடியிலுள்ள வாய்வழியே நீரை உறிஞ்சி, பின்புறம் தாரையாகப் பீய்ச்சும் முறை அது. சுழலும் உறுப்பு உள்ளே மறைந்திருக்கும். தாரையைத் திருப்பினால் படகும் திரும்பும். தனிச் சுக்கான் வேண்டா.

சிறு படகின் வெளிப்புற மோட்டாரையும் இவ்வாறு மாற்றலாம். விசிறியுள்ள அடிப்பகுதியைக் கழற்றிவிட்டு, நீர்த்தாரைப் பம்பைப் பொருத்துவர். ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் வீணாகும். 60 குதிரைத்திறன் மோட்டார் 40 போலவே உழைக்கும். ஆகாயத்தாமரை வாயை அடைத்துவிட்டால் அதுவும் இல்லை!

வேகம் மிகும்போது இக்குறை சுருங்கும். நம் கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கட்டுந்தளம், விசிறியால் இயங்கும் 'பங்காரம்' வகைக் காவற்கப்பல்களுக்குப் பின், 'கார் நிக்கோபார்' வகையைக் கட்டியது. அதில் மூன்று நீர்த்தாரைப் பொறிகள் உள்ளன. முதற்கப்பல் 2009இல் கடற்படையில் சேர்ந்தது. அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர்.

சிந்தித்து எழுதுக: சுந்தரவனத்தின் சேற்றுக் கால்வாயில் நோயாளியை ஏற்றிச் செல்லும் படகுக்கு எதைப் பொருத்துவீர்கள்? ஏன்?