முப்பத்தைந்து வயதில் கெமிஸ்ட்ரி

அமெரிக்காவில் பத்துப் பன்னிரண்டு வருடம் மென்பொருள் வேலையில் ஓட்டிவிட்டு, ‘டாக்டருக்குப் படித்தால் என்ன?’ என்று யோசிக்கிற தமிழர்கள் உண்டு. சொன்னதும் வீட்டிலும் நட்பு வட்டத்திலும் வருகிற பதில்கள் இரண்டே. ஒன்று, ‘இந்த வயசுல எதுக்கு வம்பு?’ மற்றது, ‘அந்த ஊர்ல வயசெல்லாம் ஒரு பொருட்டா, ஆரம்பிச்சிடு.’ இரண்டும் அக்கறையில் வருபவைதான். ஆனால் கவனிக்க வேண்டிய இடத்தை இரண்டுமே மறைத்துவிடுகின்றன.

அங்கே எம்.டி. என்பது பட்டப்படிப்புக்குப் பிறகு நான்கு ஆண்டு. இளங்கலைப் பட்டம் எந்தத் துறையிலும் இருக்கலாம். ஆனால் உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றை ஆய்வகத்தோடு ஏறக்குறைய ஓராண்டு வீதம் படித்திருக்க வேண்டும். உயிர்வேதியியலையும் ஆங்கிலத்தையும் கணிதம் அல்லது புள்ளியியலையும் பல கல்லூரிகள் கேட்கும். இவற்றைத்தான் ‘ப்ரீரெக்விசிட்’ என்கிறார்கள். இவற்றை எங்கே, எந்த வரிசையில் படிப்பது என்பதில்தான் கட்டுக்கதைகள் குவிந்து கிடக்கின்றன.

“முப்பத்தைந்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள்”

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் மேல் வயது வரம்பு கிடையாது. மத்திய அரசின் நிதி பெறும் திட்டங்களில் வயதைக் காட்டி ஒதுக்குவதை 1975-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. புதிதாகச் சேர்கிறவர்களின் சராசரி வயது 24 அளவில் இருந்தாலும், முப்பதுகளில் இருப்பவர்களை எந்த வகுப்பிலும் பார்க்கலாம். இந்தியாவிலும்கூட நீட் தேர்வுக்கான மேல் வயது வரம்பு 2022-இல் போய்விட்டது. இதற்கு மேல் இந்தக் கட்டுக்கதைக்கு இடம் கொடுக்க வேண்டியதில்லை.

“பி.இ.யில் படித்த கெமிஸ்ட்ரியும் ஃபிசிக்ஸும் கணக்கில் வந்துவிடும்”

பெரும்பாலும் வராது. நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப அமைப்பான ஆம்காஸ், வெளிநாட்டுக் கல்லூரி மதிப்பெண்களைச் சரிபார்ப்பதுமில்லை, ஜிபிஏ கணக்கில் சேர்ப்பதுமில்லை. பல கல்லூரிகள் இந்தப் பாடங்களை அமெரிக்காவிலோ கனடாவிலோ படித்திருக்க வேண்டும் என்கின்றன. சில, அங்கேயே 90 கிரெடிட் வரை முடித்திருக்க வேண்டும் என்கின்றன. அது கிட்டத்தட்ட இன்னொரு பட்டப்படிப்பு.

‘எச்-1பி விசாவுக்கே என் டிகிரியை மதிப்பீடு செய்து ஏற்றுக்கொண்டார்களே’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சான்றிதழ், பட்டம் எதற்குச் சமம் என்று மட்டும்தான் சொல்லும். அதைக் காட்டிக் கரிம வேதியியலை யாரும் தள்ளுபடி செய்ய மாட்டார்கள். நம் பொறியியல் முதலாண்டு வேதியியலில் படித்ததும் தண்ணீர் சுத்திகரிப்பு, உலோக அரிமானம், எரிபொருள் என்பவைதானே! அமெரிக்காவில் எம்.எஸ். முடித்தவர்களுக்கும் இதில் பெரிய ஆறுதல் இல்லை. முதுகலை மதிப்பெண்ணை ஆம்காஸ் தனிக் கணக்காக வைக்கிறது. பட்டம் வாங்கிய பிறகு படிக்கிற இளங்கலை நிலைப் பாடங்கள்தான் இளங்கலை ஜிபிஏவில் சேரும்.

கசப்பான செய்தி என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். பதினெட்டு வயதில் இரண்டு அரியர் வைத்தவருக்கு இது வெள்ளைத் தாள்.

“எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் முடித்துவிடலாம்”

இது முழுப் பொய் இல்லை; அதனால்தான் ஆபத்தானது. பிரின் மார், கௌச்சர் போன்ற கல்லூரிகள், துறை மாறி வரும் பட்டதாரிகளுக்காகவே ஏறக்குறைய ஓராண்டில் முடியும் ‘போஸ்ட்-பேக்’ திட்டங்களை நடத்துகின்றன. கோடை விடுமுறையில் பொது வேதியியலைச் சுருக்கி முடித்துவிட்டு, இலையுதிர் பருவத்தில் கரிம வேதியியலுக்குப் போய்விடுவார்கள். ஆனால் அது வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் உட்கார்ந்து படிக்கிற படிப்பு. வீட்டுக் கடனும் பள்ளிக்குப் போகிற பிள்ளையும் இருக்கிறவர் அந்த வேகத்தை அளவுகோலாக வைத்துக்கொள்ளக் கூடாது.

காரணம் வேதியியல். மற்றப் பாடங்களை முன்பின்னாக மாற்றிப் போடலாம், இதை முடியாது. பொது வேதியியலின் முதல் பாகத்தை முடிக்காமல் இரண்டாம் பாகம் கிடையாது. அது முடிந்தால்தான் கரிம வேதியியலின் முதல் பாகம், பிறகு இரண்டாவது, பெரும்பாலான இடங்களில் அதற்கும் பிறகுதான் உயிர்வேதியியல். பருவத்துக்கு ஒரு படி என்றால் ஐந்து பருவம். இடையில் ஒரு பாடத்தில் இடம் கிடைக்காமல் போனாலோ, அது வசந்த பருவத்தில் நடத்தப்படாமல் போனாலோ ஒரு வருடமே தள்ளிப்போகும். ஆகவே பாடத்திட்டம் போட உட்காரும்போது இந்த ஐந்தையும் முதலில் எழுதிவிட்டு, உயிரியலையும் இயற்பியலையும் இடைவெளிகளில் நிரப்புவதுதான் சரி. பலர் ‘எனக்கு ஃபிசிக்ஸ் வரும்’ என்று அதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். பிடித்த பாடத்தில் ஒரு பருவம் நன்றாகப் போகும், வேதியியல் வரிசை தொடங்காமலே கிடக்கும்.

தேதி போட்டுப் பார்ப்போம். 2026 ஆகஸ்டில் பொது வேதியியலும் உயிரியலும் தொடங்குகிறவர் 2027 இலையுதிர் பருவத்தில் கரிம வேதியியலுக்கு வருவார், கூடவே இயற்பியல். 2028 இலையுதிர் பருவத்தில் உயிர்வேதியியல். 2029 வசந்தத்தில் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட். 472 முதல் 528 வரை மதிப்பெண் போடப்படும் இந்தத் தேர்வில் 2015-லிருந்து உளவியலும் சமூகவியலும்கூட உண்டு. அந்த ஜூனில் விண்ணப்பம், குளிர்காலம் வரையில் நேர்காணல்கள், எல்லாம் கூடி வந்தால் 2030 கோடையின் இறுதியில் முதல் வகுப்பு. தொடங்கும்போது 35 என்றால் உள்ளே நுழையும்போது 39, பட்டம் வாங்கும்போது 43. குடும்ப மருத்துவம் போன்ற மூன்றாண்டு ரெசிடென்சியையும் முடிக்க 46. இந்த எண்களை வாழ்க்கைத் துணையோடு உட்கார்ந்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இதைச் சுருக்குகிறேன் என்று ஒரே பருவத்தில் மூன்று ஆய்வகப் பாடங்களை இழுத்துப்போட்டுக்கொள்வது மிக மோசமான யோசனை என்பது என் கருத்து. ஓர் ஆய்வக வகுப்பே பெரும்பாலும் ஒரு பிற்பகலை விழுங்கிவிடும். அதற்கு மேனேஜரிடம் அனுமதி கேட்பது இருக்கட்டும், ‘சி’ கிரேடு வந்தால் என்ன செய்வது? திரும்பப் படித்து ‘ஏ’ வாங்கினாலும் ஆம்காஸ் இரண்டையும் சேர்த்தே சராசரி எடுக்கும். டி.ஓ. பட்டம் தரும் ஆஸ்டியோபதிக் கல்லூரிகளின் விண்ணப்ப அமைப்பு ஒரு காலத்தில் பழைய கிரேடை விட்டுப் புதியதை மட்டும் எடுத்துக்கொண்டது. 2017-இல் அதுவும் நின்றுவிட்டது. இன்னமும் இணையத்தில் அந்தப் பழைய தகவலை நம்பித் திட்டம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பருவம் கூடுதலாகப் போவதால் யாரும் கெட்டுப்போவதில்லை. கிரேடு கெட்டால் அதைச் சரிசெய்ய அந்தப் பருவத்தைவிட அதிக காலம் பிடிக்கும்.

“கம்யூனிட்டி காலேஜ் என்றால் மதிப்பில்லை”

கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பல இடங்களில் ஏற்கிறார்கள். சில இடங்களில் நான்காண்டுக் கல்லூரிதான் வேண்டும் என்கிறார்கள். பொது வேதியியலைக் குறைந்த செலவில் அங்கே முடித்து, கரிம வேதியியலையும் உயிர்வேதியியலையும் நான்காண்டுக் கல்லூரியில் படிப்பது நடுவழி. உண்மையான கண்ணி வேறு. நர்சிங் மாணவர்களுக்கான எளிய வேதியியலும் அறிவியல் மாணவர்களுக்கான வேதியியலும் பட்டியலில் அடுத்தடுத்து இருக்கும். முதலாவதைப் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் ஏற்பதில்லை. ஆன்லைன் ஆய்வகத்தை ஏற்காத கல்லூரிகளும் உண்டு. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தின் சேர்க்கைத் தகவல் தொகுப்பில் ஒவ்வொரு கல்லூரியின் விதியும் இருக்கிறது. சந்தேகமென்றால் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, வருகிற பதிலைப் பத்திரப்படுத்தி வையுங்கள்.

பாடங்களுக்கு ஆயுள் உண்டா என்பதற்கும் பொது விதி இல்லை. ஐந்து, ஏழு, பத்து ஆண்டு என்று வைத்திருக்கிற கல்லூரிகளும் உண்டு, வைக்காதவையும் உண்டு. எம்கேட் மதிப்பெண்ணைப் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத்தான் ஏற்பார்கள்.

“விசா பற்றி சீட் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்”

முதலில் பார்க்க வேண்டியதே இதுதான். எச்-1பி விசாக்காரரின் துணையாக எச்-4 விசாவில் இருப்பவர் ப்ரீரெக்விசிட் பாடங்களைத் தாராளமாகப் படிக்கலாம். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போதுதான் கதவு மூடும்: பெரும்பாலான அரசுக் கல்லூரிகள் குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்கும், இல்லாதவர்களை எடுக்கிற தனியார் கல்லூரிகள் குறைவு. அவற்றிலும் மத்திய அரசின் கல்விக்கடன் கிடையாது. கிரீன் கார்டு இருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2026 ஜூலை 1-க்குப் பிறகு புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவருக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று உச்சவரம்பு வந்திருக்கிறது. பல கல்லூரிகளின் கட்டணத்துக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் இது போதாது.

இந்தியர்களின் கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம் என்று சொல்லத் தேவையில்லை. அந்த வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் ‘ப்ரையாரிட்டி டேட்’டின் முறை எட்டாத் தொலைவில் இருக்கும்போது வேதியியலை அவசரமாக முடித்தால், தேதி வரும் நேரத்தில் சில கல்லூரிகளின் கணக்கில் அந்தப் பாடம் காலாவதியாகியிருக்கும். அப்படிப்பட்டவர்கள் உளவியல், புள்ளியியல், ஆங்கிலம் ஆகியவற்றை இப்போது முடிக்கலாம். மருத்துவமனையில் சம்பளமில்லாத் தன்னார்வப் பணியும் செய்யலாம். பரிந்துரைக் கடிதம் தர அறிவியல் பேராசிரியர்கள் வேண்டியிருக்கும் என்பதால், வேதியியல் வரிசையைத் தேதி நெருங்கும்போது, உங்களை நினைவில் வைத்திருக்கக்கூடிய ஒருவரின் வகுப்பில் தொடங்கலாம்.