பசிக்கலைன்னா வாயைப் பாரு

தங்கச்சி, கீமோ முடிஞ்சு கிராஞ்சி ஸ்டேஷன்ல இறங்கி நடந்தப்ப எங்க அத்தை நல்லாத்தான் இருந்தாங்க. அவுட்ராம்ல தேசியப் புற்றுநோய் நிலையத்துல மருந்து ஏத்திக்கிட்டு, உட்லண்ட்ஸ்ல ரயில் மாறி வந்த களைப்பு மட்டும்தான். நானும் அசந்துட்டேன். ஏழாம் நாள் இட்லித் தட்டைத் தள்ளி வச்சுட்டு, "பசிக்கல"ன்னாங்க. போன் லைட்டை அடிச்சுப் பார்த்தா, கீழ் உதட்டோட உள்பக்கம் செக்கச்செவேல்னு இருக்கு, நாக்கு ஓரத்துல ரெண்டு புண்ணு.

வேகமா வளர்ற செல்களைக் கீமோ தாக்கும். வாயோட உள்தோலும் அந்த ஜாதிதான். பெரும்பாலும் 5லேர்ந்து 10 நாளுக்குள்ள புண் கிளம்பும், ரெண்டு மூணு வாரத்துல ஆறும். அதனால நீ பார்த்துக்கிறவங்களோட வாய்க்குள்ள முதல் நாள்லேர்ந்தே தினம் பாரு. பெரியவங்க வலிக்குதுன்னு சொல்ல மாட்டாங்க, சாப்பாட்டைக் குறைச்சுப்பாங்க.

வாய் கொப்பளிக்கிறதுதான் முக்கியம். கொதிச்சு ஆறின தண்ணி ஒரு லிட்டர், உப்பு ஒரு டீஸ்பூன், ஆப்பசோடா ஒரு டீஸ்பூன். பேக்கிங் பவுடர் இல்ல, அது வேற! சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு தடவையும், படுக்கப்போறப்பவும் கொப்பளிச்சுத் துப்பச் சொல்லு. தினமும் புதுசாக் கலக்கு. கடையில வாங்குற மவுத்வாஷ்ல ஆல்கஹால் இருந்தா பக்கத்துலயே கொண்டுபோகாத, நெருப்பா எரியும். பிரஷ் ரொம்ப மிருதுவா இருக்கட்டும். பல்செட் இருந்தா சாப்பிடுறப்ப மட்டும் போட்டாப் போதும். வெத்தலை பாக்கு? எங்க அத்தைகிட்ட அதைப் பிடுங்கத்தான் ஒரு வாரம் ஆச்சு.

ரசம் கொடுத்தா தெம்பு வரும்னு நானே மிளகைத் தட்டிப் போட்டேன். ஒரு வாய் குடிச்சுட்டு கண்ணுல தண்ணி. புளி, எலுமிச்சை, காரம், முறுக்கு எல்லாம் பரண்ல ஏறட்டும். குழைஞ்ச கஞ்சி, பால்ல ஊறின இட்லி, ஆறின கேழ்வரகுக் கூழ், மசிச்ச வாழைப்பழம் இறங்கும். பால் காய்ச்சினதா இருக்கணும். பண்ணையில கறந்த பச்சைப் பால் வேண்டாம்.

5-எஃப்யூங்கிற கீமோ மருந்தை ஊசியா ஒரேயடியா ஏத்துறப்ப, அதுக்கு 5 நிமிஷம் முன்னாடியே ஐஸ் துண்டை வாயில போட்டு அரை மணி நேரம் வச்சிருந்தா புண் குறையும். ஆனா ஆக்ஸாலிபிளாட்டினும் சேர்ந்து ஏறுதுன்னா குளிர்ச்சி ஆகாது, தொண்டையும் கையும் மரத்துக் கூசும். நர்ஸ் மிஸ்ஸிகிட்ட கேட்காம ஐஸ் எடுக்காத.

வெள்ளையாப் படிஞ்சா பூஞ்சையா இருக்கலாம், அதுக்கு மருந்து தனி. தண்ணிகூட முழுங்க முடியலைன்னாலோ, ரத்தம் கசிஞ்சாலோ ஆஸ்பத்திரிக்கு உடனே போன் போடு. காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டா விடியட்டும்னு காத்திருக்காத, பனடோல் கொடுத்து அமுக்கவும் அமுக்காத, நேரா அவசரப் பிரிவுக்குப் போ. கிராஞ்சியில ராத்திரி டாக்சி வர்ற நேரத்துல எதையும் தேடிக்கிட்டு நிக்க முடியாது. மருந்துப் பட்டியல், அப்பாயின்ட்மென்ட் அட்டை, தெர்மாமீட்டர், ஒரு போர்வை எல்லாத்தையும் ஒரு பையில போட்டுச் செருப்பு ஸ்டாண்டு மேலேயே வச்சிரு.