புதுப் பையனை யாரிடம் ஒப்படைப்பது?

ஈப்போவில் மெங்லெம்பு, தாசேக் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்கள் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: புதிதாகச் சேரும் பையன் தொழில் பழகுவதற்குள் நின்றுவிடுகிறான். சம்பளம் ஒரு காரணம். சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்று அவனுக்கு யாருமே சொல்லவில்லை என்பது இன்னொன்று. இதைச் சரிசெய்ய உங்கள் முன்னால் மூன்று வழிகள் உண்டு. எது பொருந்தும் என்பது பட்டறையின் அளவைப் பொறுத்தது.

முதலாவது, அனுபவசாலியின் பக்கத்தில் நிற்க வைப்பது. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் பழகியது இப்படித்தான். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். மேலாகப் போனால் பால் குறையும். நடுவில் இருக்கும் அந்த அளவை வாயால் சொல்லித் தர முடியாது, பார்த்துப் பார்த்துத்தான் கை பழகும். வெல்டிங்கும் அப்படியே. நான்கைந்து பேர் வேலை செய்யும் பட்டறைக்கு இதுவே போதும்.

ஆனால் தோட்டத்திலிருந்து இன்னொரு பழக்கமும் கூடவே வந்திருக்கிறது. தோட்டத்தில் கூலிகளை மேய்த்த கங்காணியே ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்தார், வேலை வாங்கினார், வேலைக்கு இறங்கும் ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசும் வாங்கினார். மலாயாவுக்குத் தோட்டக் கூலிகளை அனுப்புவதை 1938-இல் இந்திய அரசு தடைசெய்ததோடு அந்த ஆள்சேர்ப்பு நின்றது. வேலை வாங்குபவரே கற்றுத் தருபவர் என்ற வழக்கம் நிற்கவில்லை. இன்று அந்த இடத்தில் போர்மன். ஓவர்டைம் கொடுப்பதும் குறைப்பதும் அவர் கையில் இருக்கும்போது, “அண்ணே, இது புரியவில்லை” என்று அவரிடமே போய் எந்தப் பையன் சொல்வான்? பையனைப் போர்மனிடம் விடாதீர்கள். சம்பளக் கணக்கில் கைவைக்காத ஒரு மூத்தவரிடம் விடுங்கள். வாரம் ஒரு மணி நேரமாவது, வேலை நேரத்திலேயே, இருவரும் உட்கார்ந்து பேச விடுங்கள். வேலை முடிந்த பிறகு என்று தள்ளிவைத்தால் அது நடக்காது.

இரண்டாவது, எஸ்.எல்.டி.என். எனப்படும் தேசிய இரட்டைப் பயிற்சி முறை. ஜெர்மனியின் மாதிரியைப் பார்த்து 2005-இல் தொடங்கியது. பயிற்சியில் 70 முதல் 80 விழுக்காடு உங்கள் பட்டறையில், மீதி பயிற்சி மையத்தில். பையனோடு ஒப்பந்தம் போட்டுப் படித்தொகை கொடுக்கிறீர்கள். முடிவில் அவன் கையில் மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்.கே.எம். வாரத்தில் ஓரிரு நாள் மையத்துக்கு அனுப்பலாம், அல்லது சில மாதம் வேலை, பிறகு தொடர்ந்து சில வாரம் படிப்பு என்று பிரிக்கலாம். சிறிய பட்டறை என்றால் வாரத்தில் ஓரிரு நாள் அனுப்புவதுதான் தோது. ஓர் ஆள் தொடர்ந்து சில வாரம் இல்லாவிட்டால் வேலை தேங்கும். பாரங்களும் பாடமும் மலாயில்தான். தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளியில் தடுமாறிய பிள்ளைக்கு இங்கேதான் முதல் முட்டு, ஆகவே எஸ்.எல்.டி.என்.-க்கு அனுப்பினாலும் பட்டறை மூத்தவரை விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது, வெளியே குறுகிய பயிற்சிக்கு அனுப்புவது. 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்கள் இருந்தால், உங்கள் தொழில் லெவிச் சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்கும் பட்சத்தில், சம்பளத்தில் 1 விழுக்காடு மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்.ஆர்.டி. கார்ப்புக்கு லெவியாகக் கட்டியே வருவீர்கள். பலர் கட்டுவதோடு சரி, பயிற்சிச் செலவுக்கு அதைத் திரும்பக் கேட்பதே இல்லை. பயிற்சி தொடங்குமுன் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். முடிந்த பிறகு ரசீதோடு போய்ப் பயனில்லை. புது இயந்திரம் வாங்கினால் இந்த வழி நல்லது. புது ஆளைத் தக்கவைக்க உதவாது.

எந்த வழியானாலும், கற்றுத்தரும் மூத்தவருக்கு ஒரு பயம் இருக்கும்: பையன் தேறிவிட்டால் குறைந்த சம்பளத்தில் அவனை வைத்துக்கொண்டு நம்மை அனுப்பிவிடுவார்களோ? பட்டறையில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பயத்துக்குக் காரணமும் உண்டு: இருபது வருடம் இரும்போடு பழகியும் சான்றிதழ் என்று கையில் ஒரு தாள் இல்லாதவர்கள் அதிகம். அவர்களுக்கு, முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் பி.பி.டி. என்ற வழி இருக்கிறது. வகுப்புக்குப் போகாமலே, செய்த வேலைகளின் ஆதாரங்களைத் தொகுத்துக் காட்டி, மதிப்பீட்டாளர் முன் நிரூபித்து எஸ்.கே.எம். வாங்கலாம். பையனை அவரிடம் ஒப்படைக்கும் முன் அந்த விண்ணப்பத்தைப் போட்டு, செலவையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.