கயிறு பிடிக்கும் கைகள்

மன்னார் வளைகுடாவின் முத்து, கொற்கைக் காலந்தொட்டு உலகறிந்தது. அம்முத்தை எடுத்த முறையிலே குடும்பத்திற்கான பாடம் ஒன்றும் அடங்கியுள்ளது. அதைச் சிறிது ஆராய்வோம்.

சிப்பிகள் படிந்த கடலடித் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். சலாபக் காலத்தில் தோணிகள் இரவே புறப்பட்டுப் பார்களை அடையும். குளிப்பவர் கல்லின் பாரத்தால் ஆழத்துக்கு இறங்குவார். மூச்சடக்கி, ஒரு நிமிட அளவில் சிப்பிகளைச் சேர்ப்பார். அவர் கயிற்றை அசைத்ததும் தோணியில் நிற்பவர் மேலே இழுப்பார். அக்கயிற்றை மைத்துனர் கையில் கொடுப்பதே வழக்கம் என்று பெரியோர் கூறுவர். உடன்பிறந்தவளின் தாலி அக்கயிற்றில் இருப்பதை அவர் மறக்கமாட்டார் அன்றோ?

அரசினர் நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. 1974-இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாயிற்று. தந்தையின் தொழிலையே மகன் தொடரும் நிலை மாறியது. கப்பல் வேலைக்கும் வெளியூருக்கும் பலர் சென்றனர். அன்று கரையில் காத்திருந்த சகோதரியே இன்று மருத்துவராகவும் பொறியாளராகவும் விரும்பிப் புறப்படுகிறாள். அவளுடைய கயிற்றை யார் பிடிப்பது?

பெற்றோரே பிடிக்க வேண்டும். ஆயினும், அஞ்சி முன்னதாகவே இழுத்தால் அவள் வெறுங்கையோடுதான் வருவாள். "படித்தது போதும், பெண் பிள்ளைக்கு வெளியூர் எதற்கு?" என்பது அத்தகைய இழுப்பே. மாணவியராகிய நமக்கும் கடமை உண்டு. கீழே இருப்பவர் அசைக்காவிடில் மேலே நிற்பவர் அறிவதெப்படி? விடுதியில் தங்கிப் படிக்கும்போது நலத்தை மட்டுமன்றித் துன்பத்தையும் வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும்.

கிடைத்த சிப்பியைக் குளித்தவரும் கயிறு பிடித்தவரும் பங்கிட்டுக் கொண்டனர். நாம் அடையும் உயர்விலும் வீட்டுக்கும் ஊருக்கும் பங்கு உண்டு. நகராட்சித் தலைவராகப் பலமுறை பணியாற்றிய ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து, தம் பதவியை ஊரின் தாகம் தீர்க்கப் பயன்படுத்தினார். அவர் முயற்சியால் 1927-இல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீர் தூத்துக்குடிக்கு வந்தது. குடத்துடன் அலைந்த தாய்மாரின் துயர் தணிந்தது.

ஆகஸ்டு 5-ஆம் நாள் பனிமய மாதா திருவிழாவுக்கு எங்கெங்கோ வாழும் நம்மவர் ஊர் திரும்புகின்றனர். தோழியரே, நாமும் தொலைதூரம் செல்வோம். திரும்பும்போது ஊருக்கு ஏதேனும் பயன் கொண்டு வருவோம். நம் கயிற்றைப் பிடித்து நின்றவர்களுக்கு நாம் தரவேண்டிய பங்கு அதுவே.